பத்து மணிப் பூவும் என் மாமனாரின் கேட்டும்

பூச்செடி வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அது பூத்தது என்று பெண்டாட்டியை நம்பவைப்பதுதான் வித்தை. இந்த இரண்டாவது விஷயத்தில் நான் ஒருமுறை பட்ட பாட்டை ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனி கேட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். போகிற வழியில் யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்புப் பாதியில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்று எங்கள் வாத்தியார் சொல்வார்). பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் ஜூஸ் கடை, நாமக்கல் லாரி ஒன்றில் கிளீனர், பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனி. எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. சண்டை, போலீஸ் என்று பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒருநாள் காலையில் எழுந்தால் கால் அரிக்கும். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். சாப்பாடு இல்லாத நாளும் இருந்தது, பஸ் ஸ்டாண்டில் படுத்த நாளும் இருந்தது. அதைச் சொல்லி அழ ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டில் காற்று நன்றாக வரும்.

பெரும்பாவூரிலிருந்து கிளம்பிய அன்று, நாங்கள் தங்கியிருந்த வரிசை வீட்டுச் சுவர்மேல் பூத்துக் கிடந்த செடியில் ஒரு தண்டைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கென்று தெரியாது. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். அந்த ஊரில் அதற்குப் பத்து மணிப் பூ என்று பேர். நம் பக்கத்து நர்சரிகளில் டேபிள் ரோஸ் என்பார்கள். இலை அரிசிமணிபோல் உருண்டு, உள்ளே தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு எந்த வெயிலையும் தாங்கிவிடும். காலையில் வெயில் ஏறியதும் பத்து மணி வாக்கில் பூ விரியும். மதியம் தாண்டினால் சுருண்டுகொள்ளும். மேகம் போட்டால் அன்றைக்கு லீவு.

ஒரகடம் வந்து சேர்ந்து சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் அந்தத் தண்டு ஞாபகம் வந்தது. வதங்கிச் சுருங்கி வெற்றிலைக் காம்பு மாதிரி இருந்தது. ஒரு பழைய டம்ளரில் கொஞ்சம் மணலும் செம்மண்ணும் போட்டுக் குத்திவைத்தேன். சில நாளில் நிமிர்ந்து உட்கார்ந்தது. நானும் ஒரு கோடவுனில் இரவு ஷிஃப்ட் லோடிங் வேலையில் உட்கார்ந்தேன்.

வல்லம் வடகால் பக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி வீடு கம்பெனிகளின் பேக்கிங் சாமானில் ஓடுகிறது. வெளிநாட்டு எழுத்துப் போட்ட, சாமான் அடுக்கும் மரப் பேலட் இங்கே கட்டிலாகும். எண்ணெய் டிரம்மில் குடிதண்ணீர் இருக்கும். தெர்மகோல் தாளைத் தகரக் கூரைக்கு அடியில் ஒட்டினால் வெயில் குறையும். பழைய சாமான் கடைக்குப் போனால் எல்லாம் எடை போட்டுக் கிடைக்கும். நான் நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டிகள் சில வாங்கினேன். கம்பெனி லைனில் பாகங்களைப் போட்டு எடுத்துப்போகும் பெட்டிகள் அவை. எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி இருக்கும், எழுத்துதான் வேறு. அடியில் கொஞ்சம் விரிசல், ஓட்டை. செடிக்கு அதுதான் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் ஏதோ இங்கிலீஷ் இருந்தது. எனக்கு அதைக் கூட்டிப் படிக்கும் பொறுமை இல்லை. அசிங்கமாக இருக்கிறதென்று எழுத்துப் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன். என் வாழ்நாளில் அழகுணர்ச்சியோடு நான் செய்த ஒரே காரியம் அது. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு டம்ளர் செடி பெட்டி பெட்டியாகப் பெருகியது. வளர்ந்ததைக் கிள்ளி ஈர மணலில் குத்தினால் போதும். வேறு ஒன்றும் நான் செய்யவில்லை. பூ மட்டும் ராணி கலர், மஞ்சள், ஆரஞ்சு என்று மாடி நிறைய விரிந்தது (மற்ற கலரெல்லாம் பக்கத்து மாடிகளில் கிள்ளியது. கேட்டுத்தான் கிள்ளினேன், பெரும்பாலும்).

அந்தச் சமயத்தில்தான் சேரப்பணஞ்சேரிக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் மேகலா ஒரு கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் வேலை செய்தாள். அவள் அப்பா தணிகாசலம் அதே கம்பெனியின் மெயின் கேட்டில் செக்யூரிட்டி. அவர் முன்பு நெல் போட்ட இடத்துக்கு இரண்டு வயல் தள்ளித்தான் அந்த கேட். அதைப் பற்றி அவருக்குப் பெரிதாக வருத்தம் கிடையாது. “அப்ப காக்கா வெரட்டினேன், இப்ப லாரிய வெரட்டறேன். காக்கா சம்பளம் குடுக்கல” என்பார்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சொந்தமா இன்னா கீது உங்களுக்கு?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு பழைய மொபெட், ஒரு பை, ஒரு பாய்.

“மாடி நெறைய பூ இருக்கு மாமா” என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எங்கள் கல்யாணம் நிச்சயமானது. மாமனாருக்கு மனசே இல்லை. கல்யாணப் பந்தியில் எனக்குக் கேட்கிற மாதிரியே பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார்: “இவன் கால்ல சக்கரம் கட்டினவன். ஒரு வருஷம் ஒரே வூட்ல இருந்தான்னா குன்றத்தூர் மலைக்குப் போயி நான் மொட்ட அடிச்சிக்கிறேன்.”

கல்யாணம் ஆனதும் எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. அதுவரை கண்டுகொள்ளாமல் விட்டிருந்த செடிகளுக்குக் காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். மேகலா வந்து பார்க்கும்போது பூத்துக் குலுங்க வேண்டும் அல்லவா? பாதி அழுகிப்போயின. மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. பிழைத்த நாலைந்து தண்டுகளிலிருந்து மறுபடி கிள்ளி நட்டு, அவை பூக்கத் தொடங்கும்போது தை மாதம் ஆகிவிட்டது. தலைப்பொங்கலுக்கு நாங்கள் மாமியார் வீட்டில் இருந்தோம். பூ எங்கள் வீட்டில் இருந்தது.

அதற்குப் பிறகு வந்தது ஷிஃப்ட் பிரச்சினை. எனக்கு இரவு ஷிஃப்ட், அவளுக்கு ஜெனரல் ஷிஃப்ட். நான் காலையில் படி ஏறும்போது அவள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் படி இறங்குவாள். “சட்டினி மூடி வெச்சிருக்கேன்” என்பாள். “சரி” என்பேன். எங்கள் குடும்ப வாழ்க்கையில் முக்கால்வாசி அந்த மாடிப்படியில்தான் நடந்தது. அவள் சாயங்காலம் இருட்டுக் கட்டும்போது வந்து பார்த்தால், பிழிந்து போட்ட சாயத்துணி மாதிரி சுருண்ட மொக்குகள் பெட்டி பெட்டியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றால் ஓவர்டைம் இருக்கும். ஓவர்டைம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சொல்லிவைத்த மாதிரி மேகம் இருக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. செல்போனில் படம் எடுத்து அனுப்பினேன். லைனில் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் அவள் சாயங்காலம் பஸ்ஸில் பார்த்துவிட்டு வந்து, “கூகுள்ல நல்ல நல்ல பூவா கீது” என்றாள். வீடியோ எடுத்தேன். “யாரு மாடி இது?” என்றாள். ஒருநாள் பூக்களைப் பறித்து டிபன் பாக்ஸில் பத்திரமாக வைத்தேன். சாயங்காலம் அவள் ஆசையாகத் திறந்தாள். உள்ளே ராணி கலரில் ஏதோ கூழ் இருந்தது. “இத இட்லிக்கு தொட்டுக்கவா?” என்று கேட்டாள்.

அதுவரை எல்லாம் விளையாட்டுதான். பங்குனி மாதம் ஒருநாள் சாயங்காலம் அவள் ஈர யூனிஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த வீட்டுக்காரர் மாடி எழுப்பிவிட்டதால், எங்கள் மாடியில் நாள் முழுக்க வெயில் விழும் இடம் ஒரு மூலைதான். அந்த மூலையில் என் பெட்டிகள் இருந்தன. அவள் தினமும் அரை ஈரத்தோடு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாது.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள இதெல்லாம் எடுத்துடுய்யா” என்றாள். பிறகு, துணியை உதறிக்கொண்டே, “மாடி நெறைய பூன்னு சொன்ன. அத நம்பிதான் வந்தேன். ஒண்ணுகூட நான் பாக்கல” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அரிசி தீர்ந்துபோச்சு என்பதுபோல் சொன்னாள். பூவைப் பற்றி மட்டும் அவள் பேசவில்லை என்பது என் மரமண்டைக்குக்கூட எட்டியது. நான் சொன்ன எதையும் அவள் இனி நம்பப் போவதில்லை. கூடவே இருப்பேன் என்று சொன்னதையும் சேர்த்துத்தான்.

அன்று இரவு லோடு ஏற்றும்போது கால் அரிக்க ஆரம்பித்தது. ஓசூரில் ஒரு நண்பன் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. எனக்குப் பழகின வழி அது. காலையில் வீட்டுக்கு வந்து, பையை வெளியே இழுத்துத் தூசி தட்டினேன். அப்போது மணி பத்து. ஜன்னல் வழியாகப் பார்த்தால் மாடி மூலையில் எல்லாம் விரிந்து கிடந்தது. வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, என்னைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல். ‘போறதுன்னா ஒருதடவ காட்டிட்டுப் போவோம்’ என்று தோன்றியது. பையை விட்டுவிட்டு, நன்றாகப் பூத்திருந்த பெட்டி ஒன்றைத் தூக்கினேன்.

திட்டம் எளிமையானது. மேகலாவுக்குப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு நேரம். பெட்டியை கேட்டுக்குக் கொண்டுபோய்க் கம்பி வழியாகக் காட்டிவிட்டு வந்துவிடலாம். மொபெட்டின் பின்னால் பெட்டியை வைத்து டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினேன். ஜல்லி லாரிகளின் காற்றில் இதழ் கிழிந்துவிடக் கூடாதென்று நனைத்த கோணிச் சாக்கைப் போட்டு நன்றாக மூடினேன். வெயிலில் மட்டுமே பூக்கும் பூவை வெயில் படாமல் மூடி எடுத்துப்போகும் புத்தி எனக்குத்தான் வரும். வழியெல்லாம் சாக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டி என் பேண்ட்டின் பின்பக்கத்தை நனைத்துக்கொண்டே வந்தது. முந்திப் போன ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஏதோ பேசிக்கொண்டார்கள். வயிறு சரியில்லாத ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

கேட்டில் மாமனார் டூட்டியில் இருந்தார். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டூட்டியில் அவருக்குச் சொந்தம் பந்தம் கிடையாது. மகளுடைய டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்துத்தான் அனுப்புவார். உள்ளே இருப்பது அவர் வீட்டுக் குழம்பாகவே இருந்தாலும் முகர்ந்துவிட்டுத்தான் மூடுவார்.

“யாரப் பாக்கணும் சார்?” என்றார் என்னிடம்.

“மாமா, நான்தான்.”

“பேரு?”

“கன்னியப்பன்.” (கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க அவரே எழுதிக் கொடுத்த பேர்.)

“இன்னா பொருள்?”

“பூ.”

“ரிட்டனபிளா, நான் ரிட்டனபிளா?”

கம்பெனி கேட்டுக்கு வரும் எந்தப் பொருளும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். திரும்ப எடுத்துக்கொண்டு போகிற பொருள், இல்லையென்றால் அங்கேயே விட்டுவிட்டுப் போகிற பொருள். மூன்றாவது வகை கிடையாது. “காட்டிட்டு எடுத்துகினு போயிடுவேன் மாமா” என்றேன். “அப்ப ரிட்டனபிள். ஐடி கார்டு குடு சார்” என்று கை நீட்டினார். சட்டைப் பையில் இருந்தது திருப்பூர் பனியன் கம்பெனியின் பழைய கார்டுதான். அதைக் கொடுத்தேன். அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாரு இது?”

“நான்தான் மாமா. அப்ப சாப்பாடு கொஞ்சம் கம்மி.”

அவர் கார்டைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வந்து சாக்கைத் தூக்கினார்.

ஒரு பூகூட இல்லை. எல்லாம் இறுகச் சுருண்டுகொண்டிருந்தன. அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது என் மனைவி தினமும் சாயங்காலம் பார்க்கிற அதே பார்வை. அவளுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

“வெயில் பட்டா விரியும் மாமா” என்று பெட்டியை வெயில் பக்கமாகத் திருப்பினேன். மாமனாரின் முகம் மாறியது. எழுத்துப் பக்கம் இப்போது அவரைப் பார்த்து இருந்தது. அந்த வெள்ளை எழுத்து அவருடைய சட்டைக் கையிலும் இருந்தது, அவர் தலைக்குமேல் பலகையிலும் பெரிதாக இருந்தது.

அந்தக் கம்பெனியில் பல மாதமாக நீலப் பெட்டிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கேட்டில் ஆள் சரியில்லை என்று மேலே இருந்தவர்கள் மாமனாரிடம் விளக்கம் எழுதிக் கேட்டிருந்தார்கள். வேலையே போய்விடும் என்ற பேச்சும் இருந்தது. அவர் பஸ்ஸைச் சோதித்தார், கேன்டீன் வண்டியைச் சோதித்தார், குப்பை வண்டியில் ஏறி நின்று கிளறினார். வீட்டுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து இதே பேச்சுதான். “எவன்னு தெர்ல மாப்ள, கையில மட்டும் கெடச்சான்னா” என்பார். நான் முள்ளை எடுத்துக்கொண்டே, “புடிச்சி உள்ள தள்ளணும் மாமா” என்பேன்.

இப்போது அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, உதடு அசையாமல், “வண்டிய திருப்பிகினு போயிடு” என்றார். அன்றைக்கு முதல்முறையாக ‘சார்’ போடவில்லை. நான் வண்டியைத் திருப்பப் போனேன். அவர் தலைக்குமேல் இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“வேணாம், நில்லு. நான் புடிச்சா இது டூட்டி. வேற எவனாவது புடிச்சான்னா அசிங்கம்.”

உள்ளே போய் இன்டர்காமை எடுத்தார். எனக்கு நன்றாகக் கேட்டது. “ஸ்டோர்ஸா? பொட்டி ஒண்ணு கெடச்சிக்கிது சார். ஆளும் கெடச்சிட்டான்.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “தெரிஞ்ச ஆளுதான் சார். என் மாப்ள.”

சோதனையில் இருக்கும் பொருளை வைக்கத் தரையில் மஞ்சள் கட்டம் போட்டிருப்பார்கள். அதில் பெட்டியை இறக்கச் சொன்னார். பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார். ஸ்டோர்ஸ் மேனேஜருக்கு உள்ளே வேறு வேலை, வர நேரமாகும் என்றார்கள். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலில் நிற்கவைக்க விதி இல்லை. மாமனார் விதியை மீறவில்லை, ஆனால் ஒரு லாரியின் நம்பரைப் பார்க்கிற மாதிரி வந்து, என் காலடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். உள்ளே போகிற வண்டிகள் எல்லாம் என்னைப் பார்க்க மெதுவாகப் போயின. ஒரு டிரைவர் இறங்கி வந்து, “செடி திருடினியாண்ணே?” என்று ஆர்வமாக விசாரித்தார்.

நான் தலையைக் குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஒரு ராணி கலர் மொக்கு மெல்ல நெகிழ்ந்துகொண்டிருந்தது. பிறகு பக்கத்தில் ஒரு மஞ்சள். அந்த வெயிலில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, பூவுக்கோ அதுதான் பிடித்திருந்தது. பெட்டி விளிம்பு தெரியாமல் விரிந்தது. மாமனார் கேபின் ஜன்னலிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அவருக்குக் கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டோர்ஸ் மேனேஜர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கே வாங்கினேன் என்று கேட்டார். பழைய சாமான் கடை என்றேன். பில் இருக்கிறதா என்றார். பழைய சாமான் கடையில் பில் கேட்டவனை நான் அதுவரை பார்த்ததில்லை.

“இத கவுத்திப் பாக்கணும். அடியில ரிஜெக்ட் மார்க் இருந்தா கழிச்சுப் போட்ட பெட்டி. இல்லன்னா திருட்டுதான். மண்ணக் கொட்டும்” என்றார்.

திருடன் என்று சொன்னதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இன்னும் சில நிமிடம் போனால் சாப்பாட்டு மணி அடிக்கும். “மணி அடிக்கிற வரைக்கும் பொறுங்க சார்” என்றேன். ஏன் என்று கேட்டார். சுற்றிலும் டிரைவர்கள், லோடுமேன்கள், கேன்டீன் ஆட்கள். சேறு படிந்த பேண்ட்டோடு அத்தனை பேர் முன்னால் நின்று சொன்னேன்: “என் பொண்டாட்டி இத பாத்ததே இல்ல சார்.”

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்போது மாமனார் கேபினிலிருந்து இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“சார், அது என் பொண்ணு. ஒயர் லைன். வந்து ஒருதபா பாத்துட்டு போவட்டும். அப்பறம் நானே கவுத்துடறேன்.”

அந்த கேட்டில் ‘என் பொண்ணு’ என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லையாம். மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மணி அடித்தது. உள்ளே அதற்குள் செய்தி பரவி, கையும் காலும் முளைத்திருந்தது. உன் புருஷன் லாரி நிறையப் பெட்டி திருடி உன் அப்பாவிடமே மாட்டிக்கொண்டான் என்று மேகலாவிடம் சொல்லியிருக்கிறார்கள். தலையில் போட்ட வலைத்தொப்பியோடு பாதி ஓட்டமும் நடையுமாக வந்தாள். பின்னால் அவள் லைனே வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும், ஓசூருக்குப் போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் பேண்ட்டைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

அப்படியே குந்தி உட்கார்ந்தாள். ஒரு விரலால் ஒரு பூவைத் தொட்டாள். தொட்டால் மூடிவிடுமோ என்பதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். மூடவில்லை. இன்னொன்றைத் தொட்டாள்.

“நெஜமாவே கீதுய்யா” என்றாள், ரகசியம் மாதிரி.

“மாடியில இன்னும் நெறைய கீது” என்றேன்.

“இதுக்கா தூங்காம வந்த? சொல்லியிருந்தா நான் ஒருநாள் லீவு போட்டிருப்பேன்ல.”

இத்தனை மாதத்தில் அந்த யோசனை எனக்கு வரவே இல்லை என்பதை இந்த இடத்தில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி, “அக்கா, எங்க வூட்டுக்காரு சம்பளத்தன்னிக்கு ஒரு முழம் மல்லிகூட வாங்கினு வர மாட்டாரு. உங்க வூட்டுக்காரு மண்ணோட எடுத்துகினு வந்துகிறாரு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மேகலாவும் சிரித்தாள். கதவுக்குப் பின்னால் அன்று கேட்ட அதே களுக்குச் சிரிப்பு. அவள் ஒரு ராணி கலர் பூவைக் கிள்ளினாள். லைனில் தலையில் பூ கூடாது. சுற்றிலும் பார்த்துவிட்டு, அதை அப்பாவின் யூனிஃபார்ம் பையில் செருகினாள். மாமனார் நேராக நின்றார், கொடியேற்றும்போது நிற்பதுபோல.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பெட்டியைக் கவிழ்க்க வேண்டுமே. மாமனாருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று நானே ஆவேசமாகத் தூக்கினேன். அடியில் இருந்த விரிசல் அதற்காகவே காத்திருந்த மாதிரி இரண்டாகப் பிளந்தது. மண், சாணம், தண்ணீர், மண்புழு எல்லாம் சேர்ந்து மேனேஜரின் பளபளவென்று துடைத்த ஷூமேல் கொட்டியது. அவர் குனிந்து, காலை உதறிவிட்டு, என் கையில் மிஞ்சியிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பட்டையாகச் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. ரிஜெக்ட் மார்க். கழித்த பெட்டியை உடைத்துக் கணக்கெழுத வேண்டும், உடைக்காமலேயே பழைய சாமானில் போட்டுவிட்டிருக்கிறார்கள். (காணாமல் போன பெட்டிகளில் பாதி அப்படித்தான் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. மாமனார்மேல் இருந்த பழி அதோடு போனது.) நான் இரவெல்லாம் கோடவுனில் அந்த மாதிரிப் பெருக்கல் குறியைப் பார்க்கிறவன். செடி வைப்பதற்கு முன்னால் ஒருமுறை பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் இந்த வம்பே இல்லை.

மேனேஜர் மாமனாரிடம் திரும்பினார். “ஒம்ம மருமவன் திருடன் இல்ல. கூறுகெட்டவன்.”

“அது எங்களுக்குத் தெரியும் சார்” என்றார் மாமனார் நிம்மதியாக.

வெறும் வண்டியோடு வீட்டுக்கு வந்து விழுந்தேன். அன்று இரவு வேலைக்குக்கூடப் போகவில்லை. சாயங்காலம் எப்போதோ மேகலா வந்திருக்கிறாள். நான் கண் விழித்தபோது பெட்டிகள் மூலையில் அப்படியே இருந்தன. அவற்றின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் யூனிஃபார்மை விரித்திருந்தாள். “நாளைக்கு எனக்கு கொஞ்சம், பூவுக்கு கொஞ்சம் வெயில் போதும்” என்றாள். கட்டிலுக்கு வெளியே நான் இழுத்துப் போட்டிருந்த பையை அவள் பார்த்திருக்க வேண்டும். அதில் வெங்காயம் போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் வெங்காயம் அந்தப் பையில்தான்.

கேட்டில் கொட்டிய மண்ணை மாமனார் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் பெருக்கித் தள்ளியிருந்தார். அதில் கிடந்த தண்டுகளை யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. அதனாலேயே அவை பிடித்துக்கொண்டன. அடுத்த கோடையில் கேட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை சுவர் ஓரம் முழுக்கப் பத்து மணிப் பூ. மேகலா இப்போது தினமும் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறாள். பெண்கள் தண்டு கேட்டால் மாமனார் கிள்ளிக் கொடுத்து, கேட் பாஸும் எழுதித் தருவார்: செடி, நான் ரிட்டனபிள். அதற்கு முன்னாலேயே, அந்த வருஷம் ஆவணியில் எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்த மறுநாள் அவர் டூட்டிக்கு வந்தபோது தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. உள்ளே தலை சந்தனம் பூசிப் பளபளத்தது. குன்றத்தூர் போய் வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கால் இன்னும் அரிக்கத்தான் செய்கிறது, அதை மறைக்க மாட்டேன். நான் சொந்த வேலையாக எங்காவது கிளம்பினால் மேகலா வாசலில் கையைக் குறுக்கே நீட்டி, “ரிட்டனபிளா, நான் ரிட்டனபிளா?” என்று கேட்பாள். இப்போது எங்கள் பெண்ணும் கேட்கிறாள், அவள் தாத்தா குரலிலேயே. பதில் சொல்லாமல் செருப்புப் போட முடியாது.

அன்று நடந்த களேபரத்தில் என் திருப்பூர் கார்டைத் திருப்பி வாங்க மறந்துவிட்டேன். அதற்கப்புறம் பலமுறை கேட்டுப் பார்த்தேன். “வெளிய போறவங்களுக்குத்தான் மாப்ள கார்டு திருப்பிக் குடுக்கறது” என்பார். போன வருஷம் அவர் ரிடையர் ஆனார். கேட் சாவியை ஒப்படைத்தார், விசிலை ஒப்படைத்தார், தொப்பியையும் ஒப்படைத்தார். என் கார்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார். சேரப்பணஞ்சேரி வீட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் அது இருக்கிறது, அந்த ஒட்டிய கன்னத்தோடும் அரும்பு மீசையோடும்.